சீன வைத்தியர் "கிட்னி 'யின்' குறைவு" என்றால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 48 வயது. ஒரு வருடமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் அப்புறம் தூக்கமில்லை. சிங்கப்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சீன வைத்தியரிடம் போனீர்கள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கைகளிலும் நாடி பார்த்தார், கால் சூடாக இருக்குமா சில்லென்று இருக்குமா என்று கேட்டார். கடைசியில் "கிட்னி யின் குறைவு" என்று சொல்லிப் பொடி கொடுத்தார். பயந்துபோய் ரத்தப் பரிசோதனை செய்தீர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் அவர் சொன்னது பொய்யா, எதை வைத்துச் சொன்னார், நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் சீன மருத்துவம் படித்து இங்கே வைத்தியம் பார்ப்பவள். தமிழ் பேசும் பெண்கள் பலர் இதே பயத்தோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வைத்தியர் சொன்னதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். ஏனென்றால் அவர் பேசியது வேறு ஒன்றைப் பற்றி.

"யின்" என்பது உடம்பின் நீர், குளிர்ச்சிப் பக்கம், அதற்குப் பிறகு வருகிறேன். கிட்னி என்பதற்குச் சீனத்தில் அவர் சொன்ன சொல் "ஷென்". ஆங்கிலத்தில் அதைக் கிட்னி என்று பெயர்த்துவிட்டார்கள், நாம் அதைச் சிறுநீரகம் என்று ஆக்கிவிட்டோம். சீன மருத்துவத்தில் ஷென் என்பது பிறக்கும்போது அப்பா அம்மாவிடமிருந்து கிடைத்த உயிர்ச்சத்தின் இருப்பு. வளர்ச்சி, பருவமடைதல், கருத்தரித்தல், எலும்பு, பல், தலைமுடி, காது, இடுப்பு எல்லாம் அதன் கணக்கில் வருகின்றன. சிறுநீரும் அதில் ஒரு பகுதிதான். நம் ஊரில் "ஈரல் குலை நடுங்கியது" என்று ஒருவர் சொன்னால் ஈரலை ஸ்கேன் எடுக்க மாட்டோம் அல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பொருந்தாது, ஆனால் திசை அதுதான்.

இந்தக் கணக்கு மிகப் பழையது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தொகுக்கப்பட்ட ஹுவாங்தி நெய்ஜிங் என்ற சீன மருத்துவ நூலின் முதல் அத்தியாயத்திலேயே பெண்ணின் வாழ்க்கையை ஏழு ஏழு வருடமாகப் பிரித்திருக்கிறார்கள். 7 வயதில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது, முடி அடர்கிறது. 14 வயதில் "தியன்குய்" என்ற ஒன்று வந்து சேர்கிறது, மாதவிடாய் தொடங்குகிறது. 28 வயதில் உடல் உச்சத்தில் இருக்கிறது. 35 வயதில் முகம் வாடத் தொடங்கி, முடி உதிரத் தொடங்குகிறது. 42 வயதில் நரை. 49 வயதில் ரென், ச்சோங் என்ற இரண்டு நாளங்கள் வற்றி, தியன்குய் தீர்ந்து, மாதவிடாய் நிற்கிறது. தியன்குய் என்பதை இன்றைய ஹார்மோனோடு அப்படியே சமன் செய்வது சரியில்லை. ஆனாலும் 14 வயதில் வந்து 49 வயதில் தீரும் ஒன்று உடம்பில் இருக்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறார்களே, அது எனக்கு எப்போது படித்தாலும் சிலிர்க்கும்.

அந்த நூல் 49 வயதை நோய் என்று சொல்லவில்லை. அது ஒரு படி, அவ்வளவுதான். பழைய சீன மருத்துவ நூல்களில் மெனோபாஸுக்கென்று தனி நோய்ப் பெயரும் கிடையாது. இந்தத் தொந்தரவுகள் பல தலைப்புகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் "ட்ஸாங் ட்ஸாவ்" என்று ஒன்றை விவரிக்கிறார். ஒரு பெண்ணுக்குக் காரணமில்லாமல் துக்கம் பொங்கி அழுகை அழுகையாக வருகிறது, ஏதோ பிடித்துக்கொண்டதுபோல இருக்கிறாள், ஓயாமல் கொட்டாவி விட்டு உடம்பை முறிக்கிறாள். அதற்கு அவர் சொன்ன மருந்து அதிமதுரம், கோதுமை, சீன இலந்தை என்ற மூன்றே பொருள். பேயோட்டச் சொல்லாமல் சமையலறைப் பொருளைக் கொடுத்திருக்கிறார். இன்றைய பாடநூல்களில்தான் எல்லாவற்றையும் சேர்த்து "மாதவிடாய் நிற்பதற்கு முன்னும் பின்னும் வரும் பல்வேறு குறிகள்" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "பல்வேறு" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருத்திக்கு வருவது இன்னொருத்திக்கு வராது. அதனால் "இது மெனோபாஸ்" என்று சொல்வதோடு சீன வைத்தியரின் வேலை முடிவதில்லை. உங்கள் உடம்பில் இது எந்த வடிவத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

அதைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள்: பார்ப்பது, கேட்பது (குரலையும் மூச்சையும் கேட்பது, அதிலேயே முகர்வதும் அடங்கும்), விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. எல்லாரும் நாடியைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் முக்கால்வாசி விசாரிப்பதிலேயே தெரிந்துவிடும். சீனாவில் மிங் வம்சம் ஆண்ட காலத்து வைத்தியர் ஜாங் ஜிங்யுவே கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளைப் பாட்டாகவே கட்டி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைக் கொஞ்சம் மாற்றினார்கள், இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறோம். முதல் கேள்வி குளிரா சூடா. இரண்டாவது வியர்வை. அப்புறம் தலையும் உடம்பும், மலம் சிறுநீர், சாப்பாடு, நெஞ்சும் வயிறும், காது, தாகம் என்று போகும். பெண்ணாக இருந்தால் மாதவிடாயைக் கட்டாயம் கேள் என்று கடைசியில் ஒரு வரி.

வியர்வையை எடுத்துக்கொள்வோம். "வியர்க்குது" என்று நீங்கள் ஒரே சொல்லில் சொல்வதைச் சீன மருத்துவம் பல வகையாகப் பிரிக்கிறது. தூங்கும்போது வந்து, விழித்ததும் நின்றுவிடும் வியர்வைக்குத் "திருட்டு வியர்வை" என்று பெயர். ஆள் அசந்த நேரம் பார்த்துத் திருடன் மாதிரி வந்துவிட்டுப் போகிறது. பகலில் ஒரு வேலையும் செய்யாதபோதே கசியும் வியர்வை வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் யின் குறைவு காரணம் என்பார்கள், பின்னதற்கு ச்சி என்ற இயங்கு சக்தியின் குறைவு அல்லது யாங் குறைவு. தலையில் மட்டும் வியர்ப்பதா, நெஞ்சிலா, உள்ளங்கையிலா என்று அப்புறம் இடத்தையும் கேட்போம்.

யின், யாங் என்பவற்றை இங்கே ஒரு பானையை வைத்து விளக்குவார்கள். எனக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. அடுப்பில் பானை இருக்கிறது. தண்ணீர் யின், தீ யாங். தண்ணீர் குறைந்துவிட்டால் தீ அதே தீதான், ஆனால் பானை கொதித்துக் காந்துகிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்குச் சூடு கூடிவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் கூடியது ஒன்றுமில்லை, குறைந்ததுதான் இருக்கிறது. இதை "வெற்றுச் சூடு" என்பார்கள். தீயே கூடிவிட்டால் அது "நிறை சூடு". நிறை சூட்டுக்காரர் ஜில்லென்று ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பார், நாக்கில் மஞ்சளாகத் தடித்த படிவு இருக்கும், நாடி ஓங்கி அடிக்கும். வெற்றுச் சூட்டுக்காரருக்கு வாய் வறளும், ஆனால் ஒரு வாய் நனைத்தால் போதும், அதுவும் ராத்திரியில்தான் அதிகம். மாதவிடாய் நிற்கும் வயதில் நாங்கள் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகையைத்தான். உங்கள் வைத்தியர் சொன்னதும் அதுவே.

ஒரு நாள் நாத்தனாரும் அண்ணியுமாக இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. "திடீர்னு முகம் குப்புன்னு கொதிக்குது, வேர்த்து ஊத்துது" என்று இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பெரியவர் பையிலிருந்து விசிறியை எடுத்து வீசிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, ராத்திரி போர்வைய என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மேல போத்திக்குவேன்மா. ஆனா கால மட்டும் வெளிய நீட்டிருவேன். உள்ளங்கால் எரியும். சில நாள் எழுந்து டைல்ஸ் தரைல கால வெச்சுட்டு உக்காந்திருப்பேன், அப்பத்தான் சுகமா இருக்கும்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் அந்தக் கேள்வி. இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால், நெஞ்சு என்ற ஐந்து இடத்தில் காந்துவதைச் சீனத்தில் "ஐந்து மையச் சூடு" என்பார்கள். யின் குறைவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. நாக்கைக் காட்டச் சொன்னேன். சின்னதாக, நல்ல சிவப்பாக, மேலே படிவே இல்லாமல் பளபளத்தது. நடுவில் வறண்ட வயல் மாதிரி மெல்லிய வெடிப்பு. காதில் சில் வண்டு கத்துவதுபோல ஓசை, இடுப்பு அலுப்பு, மலச்சிக்கல் என்று மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன.

சின்னவரிடம் அதே கேள்வி. "எனக்கா? முகம்தான் எரியும். காலு ஐஸ் மாதிரி இருக்கும். சாக்ஸ் போட்டாத்தான் தூக்கமே வரும். விடிகாலைல அஞ்சு மணிக்கு வயித்தைக் கலக்கி பாத்ரூம் ஓடணும்." அவர் நாக்கு வெளுத்துப் பருத்து, இரண்டு ஓரமும் பல் தடம் பதிந்து, ஈரமாக இருந்தது. கணுக்காலைத் தொட்டேன், சில்லென்றிருந்தது, கொஞ்சம் வீக்கம். மேலே சூடு, கீழே குளிர். இவருக்கு யின் மட்டும் குறையவில்லை, யாங்கும் குறைந்திருக்கிறது. இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் நிலைகொள்ள இடமில்லாமல் மேலே மிதக்கிறது என்று படிப்போம்.

பெரியவருக்குக் கொடுக்கும் பொடியைச் சின்னவருக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? யின்னை நிரப்பும் மருந்துகளில் முதன்மையானது பதப்படுத்திய ரெமேனியா கிழங்கு. கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். ஏற்கெனவே செரிமானம் மந்தமாகி விடியற்காலையில் வயிறு கலக்குகிறவருக்கு அது வயிற்றை இன்னும் கெடுக்கும். "என் அக்கா சாப்பிட்ட பொடி எனக்கும் வேணும்" என்று கேட்கிறவர்களிடம் நான் பிடிவாதமாக மறுப்பது இதனால்தான்.

நாக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் நீங்களே கண்ணாடியில் பார்க்க முடிகிற ஒன்று அது. நுனி இதயத்துக்கு, ஓரங்கள் ஈரலுக்கும் பித்தப்பைக்கும், நடு மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும், அடி ஷென்னுக்கு என்று இடம் பிரித்திருக்கிறார்கள். நுனி மட்டும் செக்கச்செவேல் என்று இருந்து, தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்தால் "இதயமும் ஷென்னும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை" என்பார்கள். கீழேயுள்ள நீர் மேலே போய் இதயத் தீயை அடக்கவில்லை என்று பொருள். மூன்று மணிக்கு எழுந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்த வகை. ஓரங்கள் சிவந்து, சின்ன விஷயத்துக்கும் கோபம் மூக்குக்கு மேலே வந்து, மார்பு கனத்து, விலாப்பக்கம் அடைத்து, அடிக்கடி பெருமூச்சு விட்டால் "ஈரல் ச்சி தேங்கியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்வோம். இந்தக் கடைசி வகையில் வீட்டு நிலவரத்தைக் கேட்காமல் எந்த வைத்தியரும் விடக்கூடாது. படுத்த படுக்கையாக மாமியார், பரீட்சை எழுதும் பிள்ளை, வேலையிடத்து நெருக்கடி எல்லாம் இந்த வயதில்தான் ஒன்றாக வந்து மோதுகின்றன. இதைக் கேட்டதும் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அந்த அழுகையும் நோயறிதலில் ஒரு பகுதிதான்.

நாடிக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பது நமக்குத் தெரியும். பெண்ணுக்கு இடக்கை, மூன்று விரல், வளி அழல் ஐயம் (வாதம், பித்தம், கபம்). எண்வகைத் தேர்வில் நாடியோடு நாவும் இருக்கிறது, அதனால் சீன வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது நமக்கு அந்நியமான செயல் இல்லை. ஆனால் விரல்கள் படிப்பது வேறு. சீன முறையில் மணிக்கட்டு எலும்பு முட்டுக்கு நேராக நடு விரலை வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு விரல். இடக்கையில் இதயம், ஈரல், ஷென். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், ஷென்னின் யாங் பக்கம். அதையும் லேசாகத் தொட்டு ஒரு முறை, கொஞ்சம் அழுத்தி ஒரு முறை, எலும்பு வரை அழுத்தி ஒரு முறை பார்ப்பார்கள். லி ஷிஜென் என்ற சீன வைத்தியர் 1564இல் எழுதிய நாடி நூலில் 27 வகை நாடி இருக்கிறது. யின் குறைந்தவருக்கு நூல் மாதிரி மெலிந்து வேகமாக ஓடும். யாங் குறைந்தவருக்கு ஆழத்தில் மெதுவாக, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஈரல் தேங்கியவருக்கு யாழ் நரம்பைத் தொட்டதுபோல விறைப்பாக இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு நாடி மட்டும் வேறு மாதிரி சொல்லி, நாக்கும் பேச்சும் ஒரே மாதிரி சொன்னால், நான் நாக்கையும் பேச்சையும்தான் நம்புவேன். மாடிப்படி ஏறி வந்தாலே நாடி வேகமாகிவிடும்.

பாடநூலில் வகைகள் தனித்தனியாக இருக்கும், ஆள் அப்படி வர மாட்டார். யின்னும் யாங்கும் சேர்ந்து குறைந்த கலப்பு நிலைதான் சாதாரணம். இந்தக் கலப்பை வைத்தே 1950களில் ஷாங்காயில் ஷுகுவாங் மருத்துவமனையில் ஒரு கஷாயம் உருவானது. எர்சியன் தாங் என்று பெயர். மெனோபாஸ் காலத்து உயர் ரத்த அழுத்தத்துக்காகத் தொடங்கியது. ஆறு சரக்கு. அதில் மூன்று ஷென்னின் யாங்கைச் சூடேற்றும், ஒன்று ரத்தத்தை ஊட்டும், இரண்டு வெற்றுச் சூட்டைத் தணிக்கும். சூடேற்றுவதும் குளிர்விப்பதும் ஒரே சட்டியில். பழைய நூல் மருந்து என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள், அது என் அம்மா காலத்துக் கண்டுபிடிப்பு.

சரி, நம்பலாமா என்ற கேள்விக்கு நேராக வருகிறேன்.

இந்த முறையின் பலம் கேட்பதில் இருக்கிறது. பலவீனம், ஒரே ஆளைப் பார்த்து இரண்டு வைத்தியர்கள் ஒரே முடிவுக்கு வருவார்களா என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் முடக்குவாதம் உள்ள 40 பேரை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்த ஓர் ஆய்வில் அவர்களுடைய முடிவுகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒத்துப்போயின. எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் பயிற்சி கொடுத்த பிறகு பார்த்தபோது ஒற்றுமை நன்றாகக் கூடியது. நாக்கின் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்பதில் கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. அதனால் நீங்கள் இன்னொருவரிடம் போய், அவர் வேறு பெயர் சொன்னால் அதிர்ச்சி அடைய வேண்டாம், முதலாமவர் ஏமாற்றினார் என்றும் முடிவு கட்ட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் "யின் குறைவு" போன்ற சீன வழி மருத்துவப் பெயர்களுக்குத் தனி அத்தியாயம் கொடுத்து, அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. பின்னால் ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கும் ஒரு பகுதி சேர்த்தார்கள். பெயர்களை ஒழுங்குபடுத்த அது உதவும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

வேலை செய்கிறதா என்று பார்த்தால், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மீளாய்வு, மெனோபாஸ் தொந்தரவுக்குச் சீன மூலிகைகள் வெற்று மாத்திரையைவிடவோ ஹார்மோன் சிகிச்சையைவிடவோ மேல் என்றோ கீழ் என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அக்குபங்சரைப் பற்றிய 2013 மீளாய்வில், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட ஊசி நல்லது என்றும், போலி ஊசியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் வந்தது. என் தொழிலுக்கு இது இனிப்பான செய்தி இல்லை. ஆனால் நீங்கள் காசும் நேரமும் போடுகிறீர்கள், தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். தொந்தரவு மிக அதிகமாக இருக்கிறவர்களிடம் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஹார்மோன் சிகிச்சை பற்றி ஒரு தடவை பேசிவிட்டு வாருங்கள் என்று நானே சொல்கிறேன். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்களுக்கு முகக் கொதிப்பைக் குறைப்பதில் அதற்கு நிகராக வேறு எதுவும் இல்லை.

மேலை மருத்துவமும் இந்த இடத்தில் கேட்டுத்தான் முடிவு செய்கிறது, இது பலருக்குத் தெரியாது. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் தாறுமாறாகி, முகம் கொதித்தால், பொதுவாக ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு இந்தக் காலத்தில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், ஒரு நாள் ரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால் மெனோபாஸ் என்று பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கொதிப்பு ஏன் வருகிறது என்பதற்கும் இன்று விளக்கம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் ஹைப்போதலாமஸில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. வெப்பம் துளி ஏறினாலும் உடம்பு "தீப்பிடித்துவிட்டது" என்று நினைத்து ரத்த நாளங்களைத் திறந்து வியர்வையைக் கொட்டுகிறது. அந்த அணுக்களைக் குறிவைக்கும் மாத்திரை ஒன்றுக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் நாக்கிலும் நாடியிலும் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, மெலிந்த வேகமான நாடி, சிவந்த நாக்கு எல்லாம் வரும். என் படிப்பின்படி அது அச்சு அசல் யின் குறைவு. ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு நானே அப்படி முடிவு செய்து ஆறு வாரம் பொடி கொடுத்தேன். எடை இறங்கிக்கொண்டே போனது, விரல் நடுக்கம் வந்தது. ரத்தம் பார்த்தபோது தைராய்டு. வடிவத்தைச் சரியாகத்தான் படித்திருந்தேன், நோயை விட்டுவிட்டேன். அந்த அம்மா என்னைக் கோபிக்கவில்லை, எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றும் பார்க்காமல் இந்த வயதுக்காரர் யாருக்கும் நான் பொடி எழுதுவதில்லை. நீங்கள் கிரியாட்டினின் பார்த்தீர்கள். இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று ரத்தப்போக்கு. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் இல்லை. "மறுபடி இளமை திரும்புது" என்று சிரித்துக்கொண்டு சொன்ன பாட்டியைக் கண்டிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபூ ச்சிங்ஜூவின் பெண் நோய் நூலில் இதற்கே ஓர் இடம் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகோ, அறுபது எழுபதிலோ திடீரென்று ரத்தம் பட்டால் ஊர் அதை இளமையின் அடையாளம் என்று சொல்லும், ஆனால் அது பெரும் ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பு என்று எச்சரிக்கிறார். அவரிடம் ஸ்கேன் இல்லை. உங்களிடம் இருக்கிறது. கர்ப்பப்பை உள்சவ்வின் தடிப்பை ஸ்கேனில் அளந்து, 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி பெரும்பாலும் இதுதான். உங்களுக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை என்றாலும், நாள் கணக்கில் கொட்டினாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலோ, பொடிக்குக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

மருந்துப் பக்கம் சில எச்சரிக்கைகள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் தாங்குய் என்ற சீன மூலிகை வேர் ஆகாது. அதிமதுரம் அதிக நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். முடி கறுக்கும் என்று விற்கும் ஹோஷோவு கிழங்கால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் தொடக்கூடாது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி சீன வைத்தியர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கும், பார்த்துவிட்டு உட்காருங்கள். காசு இடித்தால் தோங் சாய் மருத்துவமனை இருக்கிறது. 1867இல் தொடங்கி, இனம் பார்க்காமல் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது காலையில் நாக்கை வழிக்காமல் போங்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் முதல் வேலையே நாக்கு வழிப்பதுதான், படிவு போய்விட்டால் வைத்தியர் உங்களுக்கு இல்லாத யின் குறைவைப் பார்ப்பார். காப்பி, மஞ்சள் பால், வெற்றிலை எதுவும் வேண்டாம், நிறம் மாறிவிடும். பத்து நிமிடம் முன்னால் போய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வியர்க்கிறது, விழித்ததும் நிற்கிறதா, அப்போது கால் சூடா சில்லிப்பா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவர் முன்னால் வையுங்கள். அவர் கொடுத்த பொடியில் என்ன சரக்கு, எத்தனை கிராம் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டோடு உங்கள் குடும்ப மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள். வியர்வைக் குறிப்பும் நாக்கின் நிறமும் உங்களுக்குக் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.